தாமரைக் கார் செய்த சாப்மன்

மோட்டார் கார் செய்து பெயர் வாங்கியவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் காரில் எதையாவது சேர்த்துச் சேர்த்துப் பெயர் வாங்கியவர்கள். ஒருவர் பெரிய எஞ்சின் வைத்தார். இன்னொருவர் பஞ்சு மெத்தை வைத்தார். வேறொருவர் பளபளக்கும் தகடு வைத்தார்.

காரில் இருந்து எடுத்து எடுத்துப் பெயர் வாங்கியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் காலின் சாப்மன்.

காரில் எதை எடுக்கலாம், எடுத்த பிறகு இன்னும் எதை எடுக்கலாம் என்று பார்ப்பதே அவர் வாழ்நாள் வேலையாக இருந்தது. அதனால் உலகின் மிக வேகமான கார்கள் அவரிடம் உருவாயின. அதனாலேயே சிலர் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். சிலர் கல்லறைக்குப் போனார்கள்.

ஓட்டல்காரர் மகன்

சாப்மன் 1928-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி, இங்கிலாந்தில் ரிச்மண்டு என்ற ஊரில் பிறந்தார். தந்தை பெயர் ஸ்டான்லி. வடக்கு லண்டனில் ஹார்ன்சே என்ற இடத்தில் அவர் ரெயில்வே ஓட்டல் என்ற ஓட்டலை நடத்தி வந்தார். மகன் அங்கேயே வளர்ந்தார். அங்கேயே பள்ளிக்கூடம் போனார்.

பிறகு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் என்ஜினீயரிங் படித்தார். கார் என்ஜினீயரிங் அல்ல. கட்டிட அமைப்பு என்ஜினீயரிங். ஒரு பாலம் எவ்வளவு பாரம் தாங்கும்? ஒரு கூரையை எத்தனை கம்பிகளால் நிறுத்தலாம்? இதில் எந்தக் கம்பி சும்மா இருக்கிறது, எந்தக் கம்பி வேலை செய்கிறது? இப்படிப்பட்ட கணக்குகள் நிறைந்த படிப்பு அது. படிக்கும்போதே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

பாலமும் விமானமும் தெரிந்த ஒருவர் கார் செய்யப் புகுந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான்.

கல்லூரியில் படித்த காலத்தில் நண்பர் ஒருவருடன் சேர்ந்து பழைய கார் வியாபாரம் செய்தார். லண்டனில் வாரன் தெரு பழைய கார்களுக்குப் பேர்போன இடம். அங்கே வாங்குவார், விற்பார். நல்ல லாபம் வந்தது. ஆனால் 1947-ம் ஆண்டின் கடைசியில் அரசாங்கம் சொந்தக் காருக்குக் கொடுத்து வந்த பெட்ரோல் பங்கீட்டை நிறுத்திவிட்டது. பெட்ரோல் இல்லாத காரை யார் வாங்குவார்கள்? வியாபாரம் படுத்துவிட்டது. கையில் விற்காத கார்கள் நின்றன. கிடைத்த விலைக்கு அவற்றைத் தள்ளிவிட்டார். கடைசியில் ஒரு பழைய ஆஸ்டின் ஏழு மட்டும் மிஞ்சியது.

அந்த மிச்சக் காரில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது.

கொட்டகையில் பிறந்த கார்

சாப்மனுக்கு ஹேசல் வில்லியம்ஸ் என்ற பெண்ணிடம் காதல். ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் கொட்டகை இருந்தது. அங்கே ஆஸ்டின் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். பழைய உடம்பைக் கழற்றி எறிந்தார். மெல்லிய பலகையில் அலுமினியத் தகடு ஒட்டி, புது உடம்பு செய்து மாட்டினார். விமானம் செய்கிறவர்கள் கையாண்ட முறை அது. ஹேசலும் கூட நின்று வேலை செய்தார்.

1948-ம் ஆண்டு அந்தக் கார் தெருவுக்கு வந்தது. அதற்கு லோட்டஸ் என்று பெயர் வைத்தார். லோட்டஸ் என்றால் தாமரை. இங்கிலாந்துக் குளிரில் செய்த காருக்குத் தாமரை என்று ஏன் பெயர் வைத்தார்? கடைசி வரை அவர் சொல்லவில்லை. ஹேசலை அவர் தாமரைப் பூ என்று செல்லமாகக் கூப்பிடுவார், அதனால்தான் என்று நண்பர்கள் நினைத்தார்கள்.

சிறிது காலம் விமானப் படையில் இருந்தார். பிறகு அலுமினியம் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். பகலில் உத்தியோகம், இரவில் கொட்டகை. 1951-ம் ஆண்டு அவர் செய்த மூன்றாவது கார் பந்தயத்துக்குப் போனது. ஆஸ்டின் ஏழு காரை வைத்துச் செய்த சிறு கார்களுக்கான பந்தயம் அது. அந்த எஞ்சினில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே காற்று வாசல். சாப்மன் குழாயை நடுவில் தடுத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழி போலச் செய்துவிட்டார். மற்ற கார்கள் அவருக்குப் பின்னால் தூசி குடித்தன. பந்தயக்காரர்கள் கூடிப் பேசி, அப்படிச் செய்யக்கூடாது என்று விதியையே மாற்றினார்கள்.

விதிப் புத்தகத்தை அவர் படிக்கும் விதமே வேறு. செய்யலாம் என்று எழுதியிருப்பதைப் பார்க்கமாட்டார். செய்யக்கூடாது என்று எழுத மறந்ததைத் தேடுவார்.

1952-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி லோட்டஸ் கம்பெனி பிறந்தது. முதலுக்கு ஹேசல் சிறு தொகை கடன் கொடுத்தார். தொழிற்சாலை எது தெரியுமா? தந்தையின் ஓட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954-ல், கலியாணம் நடந்தது.

25 கிலோவில் ஒரு கார்ச் சட்டம்

லாயத்தில் இருந்து வந்த முதல் பெரிய வெற்றி, லோட்டஸ் ஆறு.

அந்தக் காலத்தில் காருக்கு அடியில் இரண்டு கனமான இரும்புச் சட்டங்கள் ஏணி போல ஓடும். அதன் மேல் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். சாப்மன் ஏணியைத் தூக்கிப் போட்டார். மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து ஒரு கூடு கட்டினார். ரெயில் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் போகும். அதே வித்தைதான். முக்கோணத்தை எந்தப் பக்கம் அழுத்தினாலும் அது கோணாது. அந்தக் கூட்டின் எடை 55 ராத்தல். அதாவது 25 கிலோ. ஓர் ஆள் தனியாகத் தூக்கிவிடலாம்.

இந்தக் காரை முழுக் காராக அவர் விற்கவில்லை. சட்டத்தையும் சாமான்களையும் விற்றார். வாங்கியவர் பழைய போர்டு காரில் இருந்து எஞ்சினையும் சக்கரத்தையும் எடுத்து, தம் வீட்டில் வைத்துத் தாமே பூட்டிக்கொள்ள வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஓட்டிக்கொண்டு பந்தயத்துக்குப் போகலாம். திங்கட்கிழமை அதிலேயே வேலைக்கும் போகலாம்.

1957-ல் லோட்டஸ் ஏழு வந்தது. அதன் எடை ஏறக்குறைய 500 கிலோ. கூரை என்று சொல்ல ஒரு துணி. மற்றபடி எஞ்சின், நான்கு சக்கரம், இரண்டு இருக்கை, ஒரு ஸ்டியரிங்.

இங்கிலாந்தில் புதுக் காருக்கு அப்போது கனமான விற்பனை வரி. சாமானாக வாங்கி வீட்டில் பூட்டினால் வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை. சாப்மன் என்ன செய்தார் தெரியுமா? காரை எப்படிக் கழற்றுவது என்று எழுதிக் கொடுத்தாராம். வாங்கியவர் அதைக் கடைசியில் இருந்து படிக்க வேண்டியதுதான்! லோட்டஸ்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும் கதை இது. இது சட்டத்தை மதித்ததா, ஏய்த்ததா? வரி அதிகாரி ஒன்று சொல்வார், கார் பிரியர் ஒன்று சொல்வார்.

கையில் பேசும் ஸ்டியரிங்

அந்த ஸ்டியரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சாப்மன் காரின் பெருமையும் அதில் இருக்கிறது. ஆபத்தும் அதில் இருக்கிறது.

நிற்கும் காரின் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். கை வலிக்கும். எஞ்சினின் பாரம் முன் சக்கரத்தில் இறங்குகிறது. பாரம் ஏற ஏற டயர் தரையைக் கெட்டியாகப் பிடிக்கிறது. அந்தப் பிடியை மீறித் திருப்பவேண்டும். அமெரிக்கக் கார்கள் ஏறக்குறைய 2 டன் எடைக்குப் பெருத்துவிட்டன. திருப்பத் தோள் பலம் வேண்டும்.

இதற்கு ஒரு வழி கண்டவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க என்ஜினீயர். அவர் 1926-ம் ஆண்டிலேயே ஒரு காரில் அதைப் பூட்டி ஓட்டிக் காட்டினார். எஞ்சின் ஒரு சிறு பம்பைச் சுற்றும். பம்பு எண்ணெயை அழுத்தும். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் ஒரு வால்வு திறக்கும். எண்ணெய் பாய்ந்து சக்கரத்தைத் தள்ளும். பாதி வேலையைப் பம்பு செய்துவிடும். பெரிய கம்பெனிகள் பல ஆண்டுகள் அதைச் சட்டை செய்யவில்லை. 1951-ல்தான் கிரைஸ்லர் கம்பெனி அதை விற்பனைக் காரில் வைத்தது. பவர் ஸ்டியரிங் என்று பெயர்.

அதே 1951-ல்தான் சாப்மன் மூன்றாவது காருடன் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அவர் போன வழி நேர் எதிர். பாரத்தைத் தள்ளப் பம்பு எதற்கு? பாரத்தையே எடுத்துவிட்டால் போகிறது!

500 கிலோ காரில் முன் சக்கரத்தின் மேல் பாதிப் பாரம் என்று வைத்துக்கொண்டாலும் 250 கிலோதான். குழந்தை கூடத் திருப்பும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. சைக்கிளின் இருக்கையை மட்டும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போங்கள். முன் சக்கரம் தானாக நேர் வழிக்கு வரும். அதன் தண்டு சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வின் கோடு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் டயர் தரையைத் தொடுகிறது. அதனால் இழுபட்டு நேராகிறது. கார்ச் சக்கரமும் அப்படியே. வளைவில் போகும்போது சக்கரம் நேராகத் துடிக்கும். அந்தத் துடிப்பு ஓட்டுகிறவர் கைக்கு வரும். டயர் வழுக்கத் தொடங்கினால் துடிப்பு குறையும். கண் பார்ப்பதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும்.

பம்பு நடுவில் வந்தால் இந்தச் செய்தி மழுங்கிவிடும். கனமான காருக்கு அது பெரிய நஷ்டம் இல்லை. இலேசான காரில் அதுதான் ஓட்டுகிறவரின் உயிர்க் கயிறு.

1962-ல் சாப்மன் கம்பெனி எலான் என்ற சிறு காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை ஏறக்குறைய 680 கிலோ. ஸ்டியரிங்கின் பற்சட்டம் டிரையம்ப் என்ற சாதாரணக் காரில் இருந்து வாங்கியது. விலை உயர்ந்த சாமான் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஸ்டியரிங்கைப் புகழாதவர் இல்லை. 30 ஆண்டுகளுக்குப் பிறகு மெக்லாரன் என்ற பந்தயக் கம்பெனிக்காக உலகின் அதிவேகக் காரை வகுத்தவர் கோர்டன் மரே. எலான் ஸ்டியரிங் போல ஒன்றைத் தம் காருக்குத் தர முடியவில்லையே என்று அவரே குறைப்பட்டுக்கொண்டார்.

ஒடிந்த தண்டு

இனிக் கசப்பான பகுதி.

1956-ல் சாப்மன் வான்வால் என்ற பந்தயக் கம்பெனிக்குக் கார்ச் சட்டம் வகுத்துக் கொடுத்தார். 1958-ல் வான்வால், கார் செய்பவர்களுக்கான முதல் உலகப் பட்டத்தை வாங்கியது. அதே ஆண்டு சாப்மன் சொந்தக் காரோடு பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார். 1960-ல் மோனாக்கோ பந்தயத்தில் லோட்டஸ் காருக்கு முதல் வெற்றி. ஓட்டியவர் ஸ்டிர்லிங் மாஸ்.

மூன்று வாரம் கழிந்தது. பெல்ஜியத்தில் ஸ்பா என்ற இடத்தில் இன்னொரு பந்தயம். மரங்கள் அடர்ந்த மலைப் பாதை. பந்தயத்துக்கு முன் ஓட்டிப் பார்க்கும்போது மாஸின் லோட்டஸில் ஒரு பின் சக்கரம் கழன்று ஓடியது. மாஸ் தூக்கி எறியப்பட்டார். இரண்டு காலும் முறிந்தது.

அதே நாள், அதே பாதை. மைக் டெய்லர் என்ற இளைஞர் இன்னொரு லோட்டஸில் வந்தார். ஸ்டியரிங் தண்டு ஒடிந்தது. கையில் சக்கரம் இருக்கிறது, கார் கேட்கவில்லை! கார் பாதையை விட்டுக் காட்டுக்குள் பாய்ந்தது. டெய்லர் மரத்தில் மோதி விழுந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் அவருடைய பந்தய வாழ்க்கை அன்றோடு முடிந்தது. குறையுள்ள காரை விற்றதாக லோட்டஸ் மீது கோர்ட்டில் வழக்குப் போட்டார். ஜெயித்தார்.

மறுநாள் பந்தயத்தில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் வேறு கம்பெனிக் காரில் ஓடியவர். இன்னொருவர் லோட்டஸ் ஓட்டிய ஆலன் ஸ்டேசி. அவர் முகத்தில் ஒரு பறவை மோதியது. அதற்குச் சாப்மனைக் குறை சொல்ல முடியாது. டெய்லர் விஷயத்தில் சொல்லாமல் இருக்க முடியாது.

மெலிந்த குழாய் நல்லதுதான். எவ்வளவு மெலிந்தது என்பதுதான் கேள்வி. பாலம் கட்டுகிறவர் கணக்குக்கு மேல் பல மடங்கு பலம் வைப்பார். பந்தயக் கார் செய்கிறவர் அப்படி வைத்தால் தோற்றுப்போவார். சாப்மன் அந்தக் கோட்டின் விளிம்பிலேயே நடந்தார்.

கிளார்க்கும் ரிண்ட்டும்

ஜிம் கிளார்க், ஸ்காட்லாந்து நாட்டு விவசாயி. ஆடு வளர்த்தவர். கூச்ச சுபாவம் உள்ளவர். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவருக்கு இணை இல்லை. சாப்மனும் அவரும் அண்ணன் தம்பி போலப் பழகினார்கள்.

1962-ல் சாப்மன் குழாய்க் கூட்டையும் தூக்கிப் போட்டார். அலுமினியத் தகட்டை மடித்து, தொட்டி போல ஓர் உடம்பு செய்தார். விமானத்தின் உடம்பு அப்படித்தான் இருக்கும். முந்திய காரை விட எடை குறைவு. உறுதியோ பல மடங்கு. அதுதான் லோட்டஸ் 25. கிளார்க் அதில் ஏறக்குறைய படுத்துக்கொண்டே ஓட்டினார். அந்த ஆண்டு கடைசிப் பந்தயத்தில் ஒரு திருகாணி கழன்று எண்ணெய் ஒழுகியதால் பட்டம் கை நழுவியது. அடுத்த ஆண்டு, 1963-ல், 10 பந்தயங்களில் 7-ஐ ஜெயித்துப் பட்டம் வாங்கினார். 1965-ல் மீண்டும் பட்டம். அதே ஆண்டு அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தையும் வென்றார். வெற்றிக் கோட்டைத் தம் கார் தாண்டும்போது சாப்மன் தலையில் இருக்கும் கருப்புத் தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் வீசுவார். ஜனங்கள் அதைப் பார்க்கவே காத்திருப்பார்கள்.

1966-ல் கம்பெனி நார்போக் மாவட்டத்தில் ஹெதல் என்ற ஊருக்குப் போனது. யுத்த காலத்தில் அமெரிக்க விமானங்கள் இறங்கிய பழைய விமானத் தளம் அது. ஓடுபாதை, கார் ஓட்டிப் பார்க்கும் பாதை ஆயிற்று. 1967-ல் லோட்டஸ் 49 வந்தது. போர்டு கம்பெனி ஒரு லட்சம் பவுன் கொடுத்துச் செய்யவைத்த எஞ்சினையே சாப்மன் காரின் பின் உடம்பாக வைத்துவிட்டார். எஞ்சினைத் தாங்கும் சட்டம் மிச்சம்! முதல் பந்தயத்திலேயே வெற்றி.

1968 ஏப்ரல் 7-ந் தேதி. ஜெர்மனியில் ஹாக்கன்ஹைம் என்ற இடம். மழை ஈரம். கிளார்க் ஓட்டிய லோட்டஸ் பாதையை விட்டு விலகி மரத்தில் மோதியது. கிளார்க் இறந்துவிட்டார். வயது 32. டயரில் காற்று இறங்கியதுதான் காரணமாக இருக்கவேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். சாப்மன் இடிந்துபோனார். பந்தயத்தையே விட்டுவிடலாமா என்று எண்ணினார். விடவில்லை. அந்த ஆண்டுப் பட்டத்தை கிரகாம் ஹில் லோட்டஸுக்கு வாங்கிக் கொடுத்தார்.

அடுத்து வந்தவர் யோக்கன் ரிண்ட். ஆஸ்திரிய நாட்டுக்காக ஓட்டியவர். மனத்தில் பட்டதைச் சொல்கிறவர். 1969-ல் ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் இரண்டு லோட்டஸ் கார்களிலும் முதுகின் மேல் இருந்த இறக்கை ஒடிந்து, ஹில்லும் ரிண்ட்டும் ஒரே இடத்தில் மோதினார்கள். ரிண்ட் முகத்தில் காயத்தோடு படுத்திருந்தார். சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் கார் வேகமானது, கொஞ்சம் எடை கூடினாலும் நாம் ஜெயிப்போம், பலவீனமான பாகங்களைக் கொஞ்சம் கெட்டியாக்குங்கள், எனக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பது அதன் சாரம்.

அவர் கேட்டது எவ்வளவு? சில ராத்தல் இரும்பு.

1970-ல் ரிண்ட் ஐந்து பந்தயங்களை ஜெயித்தார். செப்டம்பர் 5-ந் தேதி இத்தாலியில் மோன்சா பாதையில் ஓட்டிப் பார்த்தபோது, வளைவுக்கு முன் பிரேக் போட்டார். கார் ஒரு பக்கம் இழுத்து, தடுப்பில் பாய்ந்தது. வலது முன் பிரேக்கின் தண்டு ஒடிந்திருந்தது. தடுப்புச் சரியாகப் போடப்படாததே சாவுக்குக் காரணம் என்றும் இத்தாலியில் நடந்த விசாரணையில் சொல்லப்பட்டது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ரிண்ட் பெற்ற புள்ளிகளை மற்றவர்களால் கடைசி வரை தாண்ட முடியவில்லை. இறந்த பிறகு பட்டம் பெற்ற ஒரே பார்முலா ஒன் வீரர் அவர்தான். மனைவி நீனா அதை வாங்கிக்கொண்டார்.

பம்பும் பணமும்

பிறகும் சாப்மன் ஜெயித்தார். 1972-ல் பிரேசில் வீரர் எமர்சன் பிட்டிபால்டி. 1978-ல் அமெரிக்க வீரர் மரியோ ஆண்ட்ரெட்டி. காரின் அடிவயிற்றைத் தலைகீழ் இறக்கை போல வளைத்து, காற்றே காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும்படி செய்தார். எடை சேர்க்காமல் டயரின் பிடியைக் கூட்டும் வித்தை அது. லோட்டஸ் கார்கள் சாப்மன் காலத்தில் ஆறு முறை வீரர் பட்டமும், ஏழு முறை கம்பெனிப் பட்டமும் வாங்கின.

லோட்டஸ் ஏழு காரை அவர் 1973-ல் விட்டுவிட்டார். கேட்டர்ஹாம் என்ற கம்பெனி உரிமையை வாங்கிக்கொண்டது. கொட்டகைக் கார் அவருக்குச் சின்னதாகிவிட்டது. பெரிய பணக்காரர்களுக்குப் பெரிய கார் செய்யும் ஆசை வந்துவிட்டது.

அந்த ஆசை ஒரு வம்பில் கொண்டுபோய் விட்டது. டிலோரியன் என்ற அமெரிக்கர், வடக்கு அயர்லாந்தில் பிரிட்டிஷ் அரசாங்கப் பணத்தில் கார்த் தொழிற்சாலை தொடங்கினார். காரைச் சரிசெய்து வகுத்துக் கொடுக்கும் வேலை லோட்டஸுக்கு வந்தது. 1982-ல் தொழிற்சாலை திவாலானது. கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரு கோடி பவுன், ஜினீவா வழியாக எங்கோ மாயமாகியிருந்தது. வேலையற்றோர் நிறைந்த ஊருக்குப் பிழைப்புத் தர ஒதுக்கிய பணம் அது.

விசாரணை நெருங்கிவந்தது. சாப்மன் கோர்ட்டுக்கு வரவில்லை. 1982 டிசம்பர் 16-ந் தேதி, விடியுமுன், வீட்டில் மாரடைப்பில் இறந்தார். வயது 54. சாகவில்லை, எங்கோ ஒளிந்துகொண்டார் என்று வதந்தி கூடக் கிளம்பியது. பத்து ஆண்டு கழித்து, 1992-ல், லோட்டஸின் கணக்கு அதிகாரிக்கு பெல்பாஸ்ட் கோர்ட்டில் மூன்று ஆண்டு தண்டனை கிடைத்தது. சாப்மன் இருந்திருந்தால் அவருக்கு 10 ஆண்டுக்குக் குறையாமல் கொடுத்திருப்பேன் என்ற கருத்தில் நீதிபதி பேசினார்.

இதில் ஒரு வினோதம் உண்டு. சாப்மன் கடைசியாக ஈடுபட்ட வேலை, பம்பு வைப்பது! ஸ்டியரிங்குக்கு அல்ல. காரின் வில்களுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தமும் கம்ப்யூட்டரும் வைத்து, பள்ளம் மேட்டில் கார் ஆடாமல் போகச் செய்யும் ஏற்பாடு. அடுத்த ஆண்டு, 1983-ல், அந்தக் கார் பந்தயத்தில் ஓடியது.

கொட்டகைகளில்

லோட்டஸ் பந்தயக் குழு 1994-ம் ஆண்டோடு பார்முலா ஒன்னை விட்டு விலகியது. கார் கம்பெனி பல கை மாறியது. 1996-ல் எலிஸ் என்ற இலேசான காரை அது கொண்டுவந்தது. 2021-ல் நிறுத்தும் வரை அந்தக் காருக்குப் பவர் ஸ்டியரிங் வைக்கவில்லை.

சாப்மன் விட்டுப்போன ஏழு மட்டும் சாகவில்லை. கேட்டர்ஹாம் கம்பெனி இன்றும் அதைச் செய்கிறது. பெட்டியில் சாமானாகவும் கொடுக்கிறது. அதைப் பார்த்து வீட்டிலேயே சட்டம் பற்றவைக்கிறவர்களும் உலகம் எங்கும் இருக்கிறார்கள். 250 பவுன் செலவில் இப்படிக் கார் கட்டலாம் என்று 1996-ல் ஓர் இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர் புத்தகமே எழுதினார்.

இப்போது அவர்களுக்கு ஒரு புதுத் தலைவலி. பழைய போர்டு கிடைப்பதில்லை. மாஸ்டா போன்ற பிற்காலக் காரை உடைத்துச் சாமான் எடுக்கிறார்கள். அதில் பவர் ஸ்டியரிங் கூடவே வருகிறது. ஏறக்குறைய 1,000 கிலோ காருக்காக அளந்து வைத்த பம்பு அது. 600 கிலோ காரில் பூட்டினால், விரல் பட்டாலே ஸ்டியரிங் சுழலும். சாலை கையில் பேசாது. வேகமாகப் போகும்போது தும்மினால் கூடக் கார் விலகும்.

சிலர் பம்பையே கழற்றிவிடுகிறார்கள். எண்ணெய்க் குழாய்களை ஒன்றோடு ஒன்று இணைத்து அடைக்கிறார்கள். ஆனால் அகல டயரும் சிறு ஸ்டியரிங் சக்கரமும் வைத்தவர்களுக்குக் காரை நிறுத்தும்போது கை கடுக்கிறது. அவர்கள் பம்பை வைத்துக்கொண்டு, எண்ணெய் பாயும் துளையைச் சிறிதாக்குகிறார்கள். எண்ணெய் குறைந்தால் தள்ளும் பலமும் குறையும். வேறு சிலர் சைக்கிள் கணக்கைப் பிடிக்கிறார்கள். முன் சக்கரத்தின் சாய்வைக் கொஞ்சம் கூட்டினால், நேராகும் துடிப்பு கூடி ஸ்டியரிங்குக்குக் கனம் வருகிறது. இன்னும் சிலர் சிறு காரில் இருந்து மின்சார மோட்டார் ஸ்டியரிங் தண்டை எடுத்துப் பூட்டி, ஒரு குமிழ் வைக்கிறார்கள். குமிழைத் திருப்பினால் மோட்டாரின் உதவி கூடும், குறையும்.

தண்டை வெட்டி ஒட்டினால் மட்டும் கவனம் வேண்டும். வீட்டில் கட்டிய காரை அதிகாரி சோதித்த பிறகே சாலையில் விடலாம் என்று இங்கிலாந்தில் 1998-ல் ஏற்பாடு வந்தது. ஸ்டியரிங் தண்டும் அதன் இணைப்புகளும் அந்தச் சோதனையில் அடக்கம். மைக் டெய்லர் காலத்தில் அப்படிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

சோதனை முடிந்ததும் கார் தெருவுக்கு வருகிறது. குமிழைப் பாதிக்கு வைத்து ஒரு சுற்று ஓட்டுகிறார்கள். வளைவில் கைக்குச் செய்தி வருகிறதா என்று பார்க்கிறார்கள். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் குறைக்கிறார்கள்.